ஆட்சேர்ப்பா, ஆய்விணைவா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பல மையங்களில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்குப் பங்கேற்பாளர்களைத் திரட்டும் பணிக்கு (ஆங்கிலத்தில் recruitment) 'ஆட்சேர்ப்பு' என்பதே போதும் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. இராணுவத்துக்கும் வேலைக்கும் ஆளெடுப்பதைக் குறித்துப் பழகிய அச்சொல்லில் எடுப்பவரின் தேவையே முன்னிற்கிறது. சேர்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு என்பது அதில் புலப்படுவதில்லை. மாற்றாகக் கருதத்தக்க 'சேர்க்கை'யிலும் சிக்கல் உண்டு. மருத்துவமனைப் படிவத்தில் 'சேர்க்கை நாள்' என்றால் உள்நோயாளியாக அனுமதிக்கப்பட்ட நாள். அந்த நோயாளியே சில நாள் கழித்து ஆய்வுக்கு ஒப்புதல் தந்தால், ஒரே தாளில் இரண்டு சேர்க்கை நாள்கள் வந்துவிடும்.

ஆகவே, ஒருவர் தாமே இசைந்து ஆய்வில் இணைவதைக் குறிக்கும் 'ஆய்விணைவு' என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

சொற்கள் பங்கேற்பையே மாற்றக்கூடியவை என்பதற்குப் பிரிட்டனில் ஒன்பது மையங்களில் நடந்த புரொடெக்ட் ஆய்வு சான்றாகும். புரோஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு ஆகிய மூன்றையும் ஒப்பிட்ட அந்த ஆய்வில், தொடக்கத்தில் தகுதியுடையோரில் 30 முதல் 40 விழுக்காட்டினரே சமவாய்ப்பு ஒதுக்கீட்டுக்கு, அதாவது யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் போன்ற முறையில் முடிவுசெய்வதற்கு, இசைந்தனர். ஆய்வாளர் ஜென்னி டோனவன் குழுவினர், ஆய்வுப் பணியாளர்கள் நோயாளிகளிடம் பேசியதை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, 'விழிப்புடன் காத்திருத்தல்' என்ற தொடரை நோயாளிகள் சிகிச்சையே இல்லை என்று புரிந்துகொண்டது தெரியவந்தது. அது 'முனைப்பான கண்காணிப்பு' ஆயிற்று. மூன்று சிகிச்சைகளையும் விளக்கும் வரிசை மாறியது. 'சோதனை' என்ற சொல் விலக்கப்பட்டு 'ஆய்வு' வந்தது. இசைந்தோர் 70 விழுக்காடாக உயர்ந்தனர். 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளியானது. நம் சொல்லிலும் 'ஆய்வு' முன்னே நிற்பதை இதனால்தான் வலியுறுத்துகிறேன்.

மையங்களை ஒப்பிடும்போது இன்னொரு தெளிவும் தேவைப்படுகிறது. மாதத்துக்கு எத்தனை பேர் சேர்ந்தனர் என்பதும், தகுதியுடையோரில் எத்தனை பேர் இசைந்தனர் என்பதும் வெவ்வேறு அளவுகள். நோயாளிகள் குவியும் பெரிய மருத்துவமனை முன்னதில் முந்தியிருக்கலாம். ஆனால் அங்கே பலர் மறுத்துச் செல்வது பின்னதில்தான் தெரியும், உரையாடலைத் திருத்த வேண்டிய இடமும் அதுவே. முன்னதை 'ஆய்விணைவு வேகம்' என்றும், பின்னதை 'ஆய்விணைவு விழுக்காடு' என்றும் பிரித்து வழங்கலாம்.

இணைவு தன்வினை ஆதலால் பணியாளரின் செயலுக்கு 'ஆய்விணைப்பு' வேண்டும் என்று சிலர் கருதக்கூடும். ஈற்றில் மட்டுமே வேறுபடும் இரு சொற்கள் படிவங்களில் ஒன்றோடொன்று மயங்கும். பணியாளர் செய்வதற்கு 'ஆய்விணைவுப் பணி' என்பதே போதுமானது.