உதவி: சிம் ஹாக்கி லீக் – எட்மன்டன் ரோஸ்டர் 2025-26. ஓவரால் நல்லா இருக்கு, ட்ரையல்ல தோக்குது

நீலக்கோடு:
வணக்கம் நண்பர்களே. எங்க சிம் லீக்ல (கம்ப்யூட்டர்ல ஓட்டுற கற்பனை ஐஸ் ஹாக்கி லீக்) எட்மன்டன் ஆயிலர்ஸ் டீமுக்கு நான் ஜிஎம், அதாவது மேலாளர். எஸ்டிஎச்எஸ்ங்கிற ஹாக்கி சிமுலேஷன் மென்பொருள்லதான் லீக் ஓடுது. சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி ரோஸ்டரும் (வீரர் பட்டியல்) லைனும் (ஒண்ணா ஐஸ்ல இறங்குற குழுக்கள்) அனுப்பணும். மூணு இடத்துல மாட்டிட்டு நிக்கிறேன்.

ஓவரால் (வீரரோட மொத்த ரேட்டிங்) சராசரியில டிவிஷன்ல முதல் இடம் நம்மதான். ஆனா ட்ரையல் சிமுலேஷன்ல நடுத்தர டீம்கிட்டகூட ஒரு கோல் வித்தியாசத்துல தோக்குது. முதல் லைன்ல மெக்டேவிட், ட்ரைசைட்டில் ரெண்டு பேரையும் சேர்த்துப் போட்டிருக்கேன். ஐஸ் டைம் நாலு லைனுக்கும் 40-30-20-10 சதவீதம்.

சம்பளம் 23 பேருக்கு 96.1 மில்லியன் டாலர் வருது, கேப் (சம்பள உச்சவரம்பு) 95.5. இதுல மணிக்கட்டு காயத்தோட இருக்கிற ஹைமனும் அடக்கம்.

அப்புறம் கோல்கீப்பர். எங்க லீக்ல போன சீசன் புள்ளிவிவரத்தை வச்சுதான் ரேட்டிங் போடுவாங்க. அதனால ஸ்கின்னரைவிட பிக்கார்ட் ஒரு படி மேல வந்துட்டார். அவரையே முதல் கோலியா போடலாமா?

பக்வீரன்:
தம்பி, முதல் கேள்விக்கு விடை உங்க லைன்லயே இருக்கு. முதல் லைனுக்கு 40 சதவீதம்னா மீதி 60 சதவீத நேரம் அந்த ரெண்டு பேரும் ஐஸ்ல இல்ல. அந்த நேரத்துல உங்க சென்டர் (லைனோட நடு ஆள்) யார்? நூஜன்ட்-ஹாப்கின்ஸ், ஹென்ரிக், ஃப்ரெட்ரிக். எதிரணியோட ரெண்டாவது லைன் வர்றப்போ அங்கதான் அடி விழுது. ஓவரால் சராசரி ஆளை மட்டும்தான் பார்க்கும், அவர் எந்த இடத்துல எவ்வளவு நேரம் ஆடுறார்னு பார்க்காது.

ரெண்டு பேரையும் பிரிங்க. மெக்டேவிட் 1, ட்ரைசைட்டில் 2. நூஜன்ட்-ஹாப்கின்ஸை மெக்டேவிட்டுக்கு இடது பக்கம் போடுங்க. ஐஸ் டைமை 35-33 மாதிரி நெருக்கமா வைங்க. பவர் ப்ளேல (பெனால்டியால எதிரணியில ஆள் குறையுறப்போ) மட்டும் ரெண்டு பேரையும் சேர்த்துப் போடுங்க, பின்னாடி புஷார்ட்.

இன்னொண்ணு. ஒரே ஒரு சீசனை ஓட்டிப் பார்த்து முடிவு எடுக்காதீங்க. அதே லைனை வச்சுப் பல சீசன் ஓட்டி, கோல் வித்தியாசத்தோட சராசரியைப் பாருங்க. ஒரு கோல் ஆட்டத்துல அதிர்ஷ்டத்துக்குப் பங்கு ரொம்பப் பெருசு.

கேப்_கணக்கு:
சம்பளப் பக்கம் நான் சொல்றேன். மெக்டேவிட் 12.5, ட்ரைசைட்டில் 14, புஷார்ட் 10.5, நர்ஸ் 9.25. நாலு பேருக்கே 46.25 மில்லியன், கேப்ல பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதனால ட்ரேட் பண்ணி இடம் தேட வேண்டாம், ஹைமனோட 5.5 மில்லியனை எல்டிஐஆர்ல (நீண்ட கால காயப் பட்டியல், கேப்பைத் தாண்டிச் செலவழிக்க சலுகை தரும்) வைக்கிறதுதான் வழி.

ஆனா வரிசை முக்கியம். முதல்ல இளம் வீரர் ஹவர்டை பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு (ஆயிலர்ஸோட கீழ்நிலை டீம்) அனுப்புங்க. புது ஒப்பந்தக்காரர், வேவர்ல (மத்த டீம் எடுத்துக்கலாம்னு விடுற பட்டியல்) போட வேண்டாம், யாரும் பிடுங்க முடியாது. அவர் சம்பளம் 0.95, அதைக் கழிச்சா 95.15 ஆயிடும். அப்புறம் ஹைமனை எல்டிஐஆர்ல போடுங்க. அதுக்கப்புறம் ஹவர்டைத் திரும்பக் கூப்பிடுங்க. எல்டிஐஆர் போடுற நேரத்துல கேப்புக்குக் கீழ எவ்வளவு இடம் சும்மா கிடக்கோ (இங்க 0.35) அது வீணாப் போகும். அதனால முடிஞ்சவரை கேப்பை ஒட்டியே நில்லுங்க.

ஒரு எச்சரிக்கை. 2025-26ல நிஜ லீக்கான என்எச்எல்லோட எல்டிஐஆர் விதியே மாறியிருக்கு. சீசன் நடுவுல திரும்பி வரக்கூடிய ஆளுக்குப் பதிலா எடுக்குறவங்களுக்கு, முந்தைய சீசன் சராசரிச் சம்பளம் அளவுக்குத்தான் சலுகை. உங்க லீக் இதை எடுத்துக்கிட்டதான்னு கமிஷனரைக் கேட்டுட்டு அனுப்புங்க.

நீலக்கோடு:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணா. லைனைப் பிரிச்சுப் போட்டேன், கோல் வித்தியாசம் உடனே ப்ளஸ்ஸுக்கு வந்துடுச்சு. கமிஷனர் பழைய எல்டிஐஆர் விதிதான்னு சொல்லிட்டார். கோல்கீப்பர் விஷயம் மட்டும் பாக்கி. ஹைமன் ரேட்டிங்கும் குறைஞ்சிருக்கு, அவரைக் காயம் ஆறினதும் ட்ரேட் பண்ணிடலாமா?

பக்வீரன்:
ஹைமனை விக்காதீங்க. 2023-24ல 54 கோல், 2024-25ல 27. இந்த ரெண்டுமே அவரோட உண்மையான அளவு இல்ல. மெக்டேவிட் பக்கத்துல நின்னா நடுவுல எங்கயாவது வந்து நிப்பார். உங்க லீக்ல அடுத்த வருஷ ரேட்டிங் இந்த சீசன் கணக்குலதான் வரும், அதனால இப்ப வித்தா மலிவாத்தான் போகும். ட்ரைசைட்டிலோட 52 கோல் அப்படி இல்ல. அவர் பல வருஷமாவே அந்த ஷூட்டிங் சதவீதத்துல (அடிச்ச ஷாட்ல கோலானது எவ்வளவு) ஆடுறவர், அதை நம்பலாம்.

கோல்கீப்பர்: ஸ்கின்னர் போன சீசன் 51 ஆட்டம், சேவ் விகிதம் (வந்த ஷாட்ல தடுத்தது) .896. பிக்கார்ட் 36 ஆட்டம், .900. இந்த வித்தியாசம் ஆயிரம் ஷாட்டுக்கு நாலு கோல்தான். ஸ்கின்னர் அதுக்கு முந்தின ரெண்டு சீசன்ல .914, .905 வச்சவர். நிஜத்துல நான் அவரைத்தான் நம்புவேன். ஆனா எஞ்சினுக்குப் பழைய கதை தெரியாது, ஷீட்ல இருக்கிற எண்தான் தெரியும். அதனால பிக்கார்டோட ஓவராலை மட்டும் பார்க்காம, ரெண்டு பேரோட இஎன் (தாக்குப்பிடிக்கிற திறன்) எண்ணையும் பாருங்க. அது ஸ்கின்னருக்குக் கணிசமா அதிகம்னா, 82 ஆட்டத்துல 50ஐ ஸ்கின்னருக்குக் கொடுங்க. அடுத்தடுத்த நாள் ஆட்டம் வந்தா ரெண்டாவது நாள் பிக்கார்ட். ரெண்டு பேர் இஎன்னும் ஒண்ணா இருந்தா பாதிப் பாதி. ரெண்டு எண்ணையும் இங்க போடுங்க, பார்த்துட்டுச் சொல்றேன்.

நீலக்கோடு:
ஸ்கின்னருக்கு இஎன் 9 கூட அண்ணா. 50-32ன்னு போட்டு இப்பவே ஃபைலை அனுப்பிட்டேன்.