மறு: ‘காற்றுப்புகாச் சேமிப்பு’ போதுமா? மக்காச்சோள விதைக்கு ஒரு சொல்

நண்பர்களே,

கென்யச் சிறு விவசாயிகளின் மக்காச்சோள விதைச் சேமிப்பு பற்றிய கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். காற்று புகாதபடி இறுக மூடியது என்று பொருள்படும் ‘ஹெர்மெட்டிக்’ என்ற ஆங்கிலச் சொல்லிடம் வந்து நான்கு நாளாக நிற்கிறேன். இந்தக் குழுவில் ‘காற்றுப்புகாச் சேமிப்பு’ என்பதற்கே ஆதரவு அதிகம். எனக்கு அது போதவில்லை.

கையேடு சொல்லும் விதைப் பை மூன்றடுக்கு: உள்ளே இரண்டு தடித்த பாலித்தீன் உறைகள், வெளியே நெய்த சாக்கு. 1980களின் பிற்பகுதியில் கேமரூனில் தட்டைப்பயற்றுக்காகப் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடங்கிய வேலை, பின்னாளில் மக்காச்சோளத்துக்கும் வந்தது. விதையோடு கூன்வண்டும் அதன் முட்டையும் எப்படியும் உள்ளே போய்விடும். வாயைக் கட்டியபின், உள்ளிருக்கும் ஆக்சிஜனை அந்த வண்டுகளே மூச்சுவிட்டுத் தீர்க்கின்றன. அது குறையக் குறைய, முதலில் தின்பதை நிறுத்துகின்றன. உலர்ந்த மணிக்குள் வண்டுக்குக் குடிக்க நீர் ஏது? தின்றதிலிருந்து தன் உடம்புக்குள்ளேயே நீரை உண்டாக்கிக்கொள்ளும் பூச்சி அது. ஆக்சிஜன் போனால் அந்த நீரும் போயிற்று, வறண்டு சாகிறது. ஒரு சொட்டு மருந்து வேண்டாம்.

ஆக, புதுக்காற்று வராதது பாதி வேலைதான். உள்ளே இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோவது மறுபாதி. ‘காற்றுப்புகா’ என்றதும் நமக்கு நினைவு வருவது முறுக்கு டப்பா. அதைத் தினமும் திறந்து மூடுவோம். இந்தப் பையை நடுவில் திறந்தால் வண்டுக்கு உயிர் கொடுத்ததாகிவிடும். ‘காற்றடைப்பு’ இன்னும் தவறு; காற்றடைத்த பை என்றால் காற்று நிரம்பிய பை என்றே பொருள்.

என் முன்மொழிவு: வாய்க்கட்டு. வாய்க்கட்டுப் பை, வாய்க்கட்டுச் சேமிப்பு என்று விரியும். உள்ளுறையை நிரப்பி, மீந்த பகுதியை அழுத்திக் காற்றை வெளியேற்றி, கயிறுபோல் முறுக்கி, மடித்து இறுக்கிக் கட்டுகிறார்கள். அடுத்த உறைக்கும் அப்படியே, சாக்குக்கும் அப்படியே. கட்டுவது மூட்டையின் வாயை, கட்டுப்படுவது வண்டின் வாயும்தான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தோம் என்று நம் வீடுகளில் சொல்வதிலும் இதே வாய்க்கட்டு இருக்கிறது.

*

மறுமொழி:

வாய்க்கட்டு என்றால் பத்தியம் என்ற பொருளும் உண்டே? தவிர, விதைக்கும் உயிர் இருக்கிறது. அதற்கு மூச்சு முட்டாதா? விதைக்கோட்டை என்ற நம் பழைய சொல்லையே எடுத்துக்கொள்ளலாமே?

*

ஐயா,

விதைக்கோட்டை எனக்கும் மிகப் பிடித்த சொல். ஆனால் அது நெல்லுக்கு வைக்கோல் பிரி சுற்றிக் கட்டுவது. வைக்கோல் காற்றை விடும். எதிரான முறைக்கு அதன் பெயரை வைத்தால் படிப்பவர் ஏமாந்துபோவார். பத்தியம் என்ற பொருள் இடையூறு இல்லை. அங்கும் தின்பதைத்தானே கட்டுகிறோம்.

விதையின் மூச்சு பற்றிக் கேட்டீர்களே, அதுதான் இதில் உயிரான கேள்வி. ஈரப்பதம் 13 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் விதை மிக மெதுவாகவே மூச்சுவிடும், முளைப்புத்திறன் கெடாது. ஈரத்தோடு கட்டினால் பூசணம் பிடித்து, புளித்த வாடை வந்து, விதைப்புக்கு ஒன்றும் தேறாது. கருவி இல்லாதவர்கள் உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் ஒரு கை விதையும் கொஞ்சம் காய்ந்த உப்பும் போட்டுக் குலுக்கிச் சற்று நேரம் வைக்கிறார்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டால் 15-க்குக் கீழ் என்று மட்டுமே தெரியும், 13-க்கு வந்ததா என்று தெரியாது; அதனால் உடனே கட்டிவிடாமல் இன்னும் காயவைக்க வேண்டும்.

எனவே காயவைக்காமல் வாய்க்கட்டு இல்லை என்பது விளக்கத்திலேயே வரவேண்டும். சொற்பட்டியலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

வாய்க்கட்டு — நன்றாகக் காய்ந்த விதையைக் காற்றுப்புகாத உறையில் இறுகக் கட்டி, உள்ளிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து பூச்சிகள் மடியும்படி, விதைப்பு வரை திறவாமல் வைக்கும் முறை.