வசனத்தை நம்பி எடுத்த முடிவு: உங்களுக்கு என்ன நடந்தது?

குவைத்வாசி:

சர்ச்சில் வருஷக் கடைசி ராத்திரி நடக்கிற வாட்ச் நைட் சர்வீஸில், புதுவருஷத்துக்கென்று ஆளுக்கொரு வேதவசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுப்பது எல்லாருக்கும் தெரியும், அதற்கு மேல் விளக்கப் போவதில்லை. 2011 டிசம்பர் 31. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர்க் கோயில். குவைத் வேலைக்கு ஏஜென்ட் பதில் கேட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு நவம்பரில்தான் முதல் நெஞ்சுவலி வந்து போயிருந்தது. போகவா வேண்டாமா என்று தெரியாமல், சரி, அட்டை என்ன சொல்கிறதோ அதுதான் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

கோயில் பிள்ளை, அதாவது சர்ச் வேலைகளைப் பார்க்கிறவர், அட்டைத் தட்டை நீட்டினார். எடுத்தேன். இரண்டு அட்டை ஒட்டிக்கொண்டு வந்தது. மேலே இருந்தது ஆதியாகமம் 12:1. "நீ உன் தேசத்தையும், உன் இனத்தையும், உன் தகப்பனுடைய வீட்டையும் விட்டுப் புறப்பட்டு, நான் உனக்குக் காண்பிக்கும் தேசத்துக்குப் போ." உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கீழே ஒட்டியிருந்ததைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் தட்டிலேயே போட்டுவிட்டேன். பின்னால் வரிசை நின்றது, அதுவும் ஒரு காரணம்.

பிப்ரவரியில் விமானம் ஏறினேன். கடன் அடைந்தது, தங்கச்சி கல்யாணம் முடிந்தது. 2014-ல் அப்பா தவறியபோது நான் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. வேலையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இன்னொரு அட்டை? அதில் என்ன இருந்தது? பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

சங்கீதம்பதினைந்து:

எனக்கு அட்டை எல்லாம் கிடையாது. தாத்தா தினமும் குடும்ப ஜெபத்தில் சொல்லிச் சொல்லி மண்டையில் ஏறிய வசனம், சங்கீதம் 15:4. "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்."

மார்த்தாண்டம் பக்கம் அப்பா பேரில் 18 சென்ட் இருந்தது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் வாயால் விலை பேசிக் கைகுலுக்கியாயிற்று. அட்வான்ஸ் வாங்கவில்லை, பேப்பர் இல்லை. பத்தே நாளில் ரோடு வரப்போகிறது என்று பேச்சு. இன்னொருவர் வந்து சென்ட்டுக்கு நாற்பதாயிரம் கூடப் போட்டுத் தருகிறேன் என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அவரே சொல்கிறார், "எழுத்து ஒண்ணும் இல்லியே அண்ணாச்சி, அவரு என்ன கேஸா போடப் போறாரு?"

அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். உள்ளே அம்மா பாத்திரம் துலக்குகிற சத்தம் நின்றுவிட்டது. அவ்வளவுதான் எனக்கு நினைவிருப்பது, அந்தச் சத்தம் நின்றது. அப்பா, "சொல்லியாச்சு, விடுங்க" என்றார்.

பழைய விலைக்கே எழுதிக் கொடுத்தோம். வாங்கியவர் இரண்டு வருஷத்தில் இரண்டு மடங்குக்கு விற்றார். ஆசீர்வாதம் வேறு வழியில் வந்தது என்று சாட்சி சொல்வார்கள் அல்லவா, எங்களுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. ஏழு லட்சத்துச் சொச்சம் போனது போனதுதான். இன்றைக்கும் அந்த வழியாகப் பஸ்ஸில் போனால் நான் எதிர்ப்பக்க ஜன்னலைத்தான் பார்ப்பேன். அந்த வசனத்திலேயே நஷ்டம் என்று போட்டிருக்கிறதே, யாரைக் குறை சொல்வது?

பெரேயா:

குவைத்வாசி, தவறாக நினைக்காதீர்கள். அட்டை எடுப்பது வேறு, தேவ சித்தம் அறிவது வேறு. முதலில் ஆதியாகமம் 12:1-க்கு முந்தின வசனத்தைப் பாருங்கள், அது 11:32. "தேராகு ஆரானிலே மரித்தான்." அந்தப் 'புறப்பட்டுப் போ' ஆபிரகாமுக்குச் சொன்னது, தேராகு அவன் தகப்பன். அப்போஸ்தலர் 7:4-ல் ஸ்தேவானும் ஆபிரகாம் தகப்பன் மரித்தபின்பு கானானுக்கு வந்ததாகத்தான் சொல்கிறான். ஒரே ஒரு வசனம் மேலே வாசித்திருந்தால் போதும்.

எல்லாருக்கும் பொதுவாகச் சொல்கிறேன். நம் வீடுகளில் அதிகமாகச் சுவரில் தொங்குவது எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அது யாருக்கு எழுதின கடிதம்? பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு. 10-ஆம் வசனம் எழுபது வருஷம் என்கிறது. அதாவது வாசித்துக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பப் போவதில்லை. அதற்கு மேலே 5-ஆம் வசனத்திலிருந்து என்ன சொல்கிறார்? அங்கேயே வீடு கட்டு, தோட்டம் போடு, பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணு, அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணு. அதே 29-ஆம் அதிகாரத்திலேயே, சீக்கிரம் எல்லாம் சரியாகிவிடும் என்று சொப்பனம் சொன்னவர்களை நம்பாதே என்றும் இருக்கிறது. இதை எந்தக் காலண்டரிலும் அச்சடிக்க மாட்டார்கள்.

ஆகவே ஒரு முடிவுக்கு வசனம் தேடுகிறவர்கள் அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். யார் யாருக்குச் சொன்னது என்று பாருங்கள். சபையில் மூத்தவர் இரண்டு பேரிடம் கேளுங்கள். லூக்கா 14:28-ல் கோபுரம் கட்டுகிறவன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கிறான். கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் இல்லை.

என் கதை சின்னது. அரசுத் தேர்வுக்குப் பிலிப்பியர் 4:13-ஐப் பரீட்சை அட்டையில் ஒட்டிக்கொண்டு மூன்று தடவை போனேன். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." மூன்று தடவையும் தோல்வி. மூன்றாவது ரிசல்ட் அன்றைக்குத்தான் 12-ஆம் வசனம் கண்ணில் பட்டது. "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்." பவுல் அதைக் காவலில் இருந்துகொண்டு எழுதுகிறார். இப்போது டியூஷன் சென்டர் வைத்திருக்கிறேன்.

வேளாங்கண்ணி எக்ஸ்பிரஸ்:

பெரேயா, தகப்பனை இழந்த மனுஷனிடம் தேராகு கணக்கா பேசுவது?

நான் கத்தோலிக்கன், எங்களிடம் இருப்பது 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பு, திருவிவிலியம். அதில் எரேமியா 29:11-ல் 'திட்டங்கள்' என்று வரும். உங்கள் பழைய மொழிபெயர்ப்பில் 'நினைவுகள்'. நினைவு என்றால் என்னை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று ஆகிறது. திட்டம் என்றால் பிளான் போட்டு வைத்திருக்கிறார் என்று ஆகிறது. எனக்கு உங்களுடையதுதான் பிடித்திருக்கிறது, எங்கள் பங்குத்தந்தையிடம் சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்று. தற்செயலாகத் திறந்த பக்கத்தில் கடவுள் பேசமாட்டார் என்று எப்படிச் சொல்வீர்கள்? 386-ல் மிலான் நகரத்துத் தோட்டத்தில் புனித அகுஸ்தினார், "எடுத்து வாசி" என்று ஒரு குழந்தைக் குரல் கேட்டுத் திறந்ததும் கண்ணில் பட்ட ஒரே பகுதிதான், உரோமையர் 13. அதோடு அவர் வாழ்க்கையே திரும்பியது.

பெரேயா:

ஐயா, அகுஸ்தீன் கண்ணில் பட்டது, களியாட்டும் வெறியும் விட்டுச் சீராய் நட என்ற வசனம். வீசா வாங்கு என்ற வசனம் இல்லை. விடவேண்டியது எது என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

அட்டைக்கு நான் விரோதி இல்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொராவியர்கள் என்ற சபையார் 1731-லிருந்து வருஷம் முழுவதற்கும் தினவசனப் புத்தகம் அச்சடிக்கிறார்கள். பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். ஆனால் கூடவே வருகிற புதிய ஏற்பாட்டு வசனத்தை உட்கார்ந்து யோசித்து, அதற்குப் பொருத்தமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். சீட்டில் வருவது பாதிதான்.

மணப்பாடு காற்று:

அந்த ரோமர் 13:13-லேயே 'வாக்குவாதமும் பொறாமையும்' என்றும் இருக்கிறது, இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளுங்கள் :)

அத்திப்பழம்:

எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அம்மாவுக்கு மார்பில் கட்டி. டாக்டர் உடனே ஆபரேஷன் என்றார். அம்மா போய்வந்த ஒரு ஜெபக்கூட்டத்தில் ஒருவர் சங்கீதம் 118:17-ஐக் கொடுத்துவிட்டார். "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்." அதைப் பிடித்துக்கொண்டு அம்மா ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டேன் என்றாள். கத்தி வைத்தால் விசுவாசம் போய்விடுமாம். நானும் அண்ணனும் கெஞ்சினோம், சண்டை போட்டோம், அண்ணன் சாப்பிடாமல்கூடக் கிடந்தான். எட்டு மாசம்.

கடைசியில் திருப்பினது பெரியம்மா. ரிட்டயர்டு டீச்சர், பேச்சு குறைவு. ஒரு சாயங்காலம் வந்து, டாக்டர் பேச்சே எடுக்காமல், "ரெண்டாம் ராஜாக்கள் 20 வாசிட்டி" என்று அம்மா கையில் வேதப்புத்தகத்தைக் கொடுத்தாள். எசேக்கியா ராஜா வியாதியாய்க் கிடக்கிறான். "உன் கண்ணீரைக் கண்டேன்" என்கிறார் கர்த்தர். பதினைந்து வருஷம் கூட்டித் தருவேன் என்கிறார். அம்மா குரல் கம்ம வாசித்துக்கொண்டே போனாள். அடுத்தது 7-ஆம் வசனம், ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்கிறான். அதைப் பிளவையின்மேல் பற்றுப் போடுகிறார்கள், அவன் பிழைக்கிறான்.

அம்மா நிறுத்திவிட்டாள். பெரியம்மா, "பதினஞ்சு வருசம் தாறேன்னு அவரே வாயால சொன்ன பொறவும் எதுக்கு மருந்து போட்டான்னு யோசிச்சியா?" என்று மட்டும் கேட்டாள். அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், "சரிக்கா, அந்த அத்திப்பழத்தை எனக்கும் வைக்கச் சொல்லு" என்றாள்.

ஆபரேஷன், கீமோ எல்லாம் ஆனது. நான்கு வருஷம் இருந்தாள். அந்த எட்டு மாசம் இல்லாமல் இருந்திருந்தால் என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். வசனம் கொடுத்தவர் அடக்கத்துக்கு வந்திருந்தார். அதே வசனத்தை வேறு யாருக்கோ கொடுத்துக்கொண்டிருப்பார்.

நாசரேத் அக்கா:

அத்திப்பழம் தங்கச்சி, உன்னை நினைத்து ஜெபித்தேன்.

எங்கள் கல்யாணப் பத்திரிகையில் ரூத் 1:16 போட்டிருந்தார்கள். "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம், உம்முடைய தேவன் என்னுடைய தேவன்." புருஷனுக்குச் சொன்னது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன், போட்டவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அது மருமகள் மாமியாருக்குச் சொன்னது என்பது பிரசங்கத்தில் கேட்டுத் தெரிந்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது, ஏனென்றால் எங்கள் மாமிக்கும் எனக்கும் ஆகவே ஆகாது.

மாமிக்கு ஞாபக மறதி வந்தபோது மகள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று எல்லாரும் பேசி முடித்தார்கள். பெட்டி கட்டியாயிற்று. ஏன் வேண்டாம் என்றேன் என்று எனக்கே தெரியாது. அந்தப் பத்திரிகை வரி தொண்டையில் நின்றது, அவ்வளவுதான். ஆறு வருஷம் பார்த்தேன். அன்பாகப் பார்த்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன், எத்தனையோ நாள் கத்தியிருக்கிறேன். 23-ஆம் சங்கீதம் ஒரு சொல் பிசகாமல் கடைசிவரை சொல்வாள். முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பிள்ளைட்டி?" என்பாள். "உங்க வீட்டுப் பிள்ளைதான் மாமி" என்பேன்.

அச்சக அண்ணாச்சி:

அட்டை ஒட்டுவது பற்றிச் சொல்கிறேன். லேமினேஷன் சூடு ஆறுவதற்கு முன்பு அடுக்கினால் ஒட்டும். டிசம்பர் 28, 29-ல் ஆர்டர் கொடுத்தால் எந்தப் பிரஸ்காரனும் அவசரத்தில் அப்படித்தான் செய்வான். டிசம்பர் 10-க்குள் கொடுத்துவிடுங்கள், வெட்டியபின் ஒருநாள் விரித்துப் போடச் சொல்லுங்கள், மேட் பினிஷ் நல்லது. சபைக்கு ஐநூறு அட்டை என்றால் ஐம்பது வசனத்தைத்தான் பத்துப் பத்தாக அடிப்போம், அதனால் தம்பி எடுத்த அட்டையும் கீழே இருந்த அட்டையும் ஒரே வசனமாகக்கூட இருந்திருக்கலாம். இதை ஆறுதலுக்குச் சொல்லவில்லை, தொழில் அப்படி.

சங்கீதம்பதினைந்து:

குவைத்வாசி, ஒன்று கேட்கலாமா? அந்த ராத்திரி உங்கள் அப்பா என்ன அட்டை எடுத்தார்?

குவைத்வாசி:

பெரேயா அண்ணன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ராத்திரி எழுந்து 11-ஆம் அதிகாரம் முழுவதும் வாசித்தேன். அண்ணாச்சி சொன்னது எனக்கு இந்த நிமிஷம் வரைக்கும் தோன்றவே இல்லை.

சங்கீதம்பதினைந்து, நீங்கள் கேட்டதும் ஊருக்குப் போன் போட்டேன். அம்மாவுக்கு அட்டை ஞாபகம் இல்லை. அப்பாவின் பைபிளை எடுத்து உதறிப் பார்க்கச் சொன்னேன். அட்டை கிடைக்கவில்லை. கரண்ட் பில் ரசீது, ஓலைக் குருத்துச் சிலுவை, என் பள்ளிக்கூட போட்டோ ஒன்று விழுந்தது. அப்புறம் அம்மா சொன்னாள், "இங்க பென்சில்ல என்னமோ கிறுக்கி வச்சிருக்காங்க, 121-ஆம் சங்கீதம், கடைசி வசனம்." போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன்.

"கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்." பக்கத்து ஓரத்தில் நான் திருவனந்தபுரத்தில் ஏறின விமானத்தின் நம்பர், தேதி, நேரம். அதற்குக் கீழே நான் முதல் லீவுக்கு வந்த தேதி. அதற்குக் கீழே திரும்பிப் போனது. கடைசியாக ஒரு கோடு போட்டு, 'வரவு' என்று எழுதி, தேதிக்கு இடம் விட்டிருக்கிறார்.