விதைத் திருவிழாவில் கைமாறும் நெல்: சோதிக்காமல் கொடுக்கலாமா?

விதைக்கோட்டை:
திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நிலைநாட்டிய வழக்கம் இங்கே பலருக்கும் தெரியும். திருவிழாவில் 2 கிலோ பாரம்பரிய விதைநெல் வாங்கிப்போகிறவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். அப்படிக் கைமாறிக் கைமாறித்தான் 170க்கும் மேற்பட்ட ரகங்கள் மறுபடி வயலுக்கு வந்தன. இன்று பல ஊர்களில் விதைத் திருவிழா நடத்துகிறவர்களும் அதே கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கில் குறையில்லை. திரும்பி வரும் 4 கிலோவைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அடுத்தவர் கையில் கொடுப்பதில்தான் குறை.

நெல் தன் மகரந்தத்திலேயே கருவுறுகிற பயிர். அயல் மகரந்தம் சேர்வது பொதுவாக 1 விழுக்காட்டுக்கும் கீழே. அதனால் பக்கத்து வயல் ரகம் கலந்துவிடும் என்ற பயம் பெரிதல்ல. 3 மீட்டர் இடைவெளி போதும். கலப்பு வருவது வேறு வழியில். முதல் குற்றவாளி அறுவடை இயந்திரம். முந்தைய வயலில் அறுத்த நெல் அதன் தொட்டியிலும் சல்லடையிலும் தங்கியிருக்கும். அடுத்த வயலில் முதலில் கொட்டுவது அதுதான். அடுத்தது, போன போகத்தில் உதிர்ந்த நெல் சேற்றில் தானாக முளைத்து நாற்றோடு நாற்றாக நிற்பது. பிறகு உதறாத சாக்கு, கூட்டாத களம். ஒரு கைப்பிடி வேற்று நெல் இரண்டு மூன்று போகத்தில் மூட்டைக் கணக்காகிவிடும். வாங்கியவர் மாப்பிள்ளைச் சம்பா என்று நம்பி நடுகிறார். வயலில் மூன்று உயரத்தில் பயிர் நிற்கிறது, பாதி முன்னாலேயே பழுத்து உதிர்கிறது.

சான்று விதைக்கு முளைப்பு குறைந்தது 80 விழுக்காடு, ஈரம் அதிகபட்சம் 13 விழுக்காடு. திருவிழா விதைக்கும் இதே அளவுகோல் வேண்டும். சோதனை முடிவு இல்லாத பை மேசைக்கு வரக்கூடாது.

கடைமடை:
அண்ணே, கலப்பு எப்படி வருகிறது என்று நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. தீர்வுதான் தவறு.

முளைப்புச் சோதனையை முழுதாக முடிக்க 14 நாள் ஆகும். 4 கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பேருந்து மாறி வருகிறவர் சோதனைக்கு ஒருமுறை, திருவிழாவுக்கு ஒருமுறை என்று வரமாட்டார். அடுத்த ஆண்டு வருவதையே விட்டுவிடுவார். இந்த ஏற்பாடு யாருக்காக நடக்கிறதோ அந்த அரை ஏக்கர், ஒரு ஏக்கர்க்காரர்தான் முதலில் வெளியே போவார்.

சான்று விதை அளவுகோல் விற்பனைக்கு வரும் விதைக்காக எழுதியது. விவசாயி தன் விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், பகிரவும், வணிகப் பெயர் ஒட்டாமல் விற்கவும் 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு உரிமை தருகிறது. சட்டமே திறந்துவைத்த கதவை நாம் ஏன் சாத்த வேண்டும்?

இன்னொன்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது ஓட்டு வீடும் கூரை வீடும் எத்தனை போயின என்று டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். ஒரு ரகத்தின் விதை ஒரே கிடங்கில் இருந்து, அந்தக் கிடங்கு நனைந்தால் கதை முடிந்தது. நாற்பது வீட்டுப் பரணில் இருந்தால் இருபது நனைந்தாலும் ரகம் பிழைக்கும். திருவிழாவின் உயிர் இந்தப் பரவலில் இருக்கிறது. கைகளைக் குறைக்கிற எந்த விதியும் ரகத்தைக் கொல்லும்.

களத்துமேடு:
14 நாள் காத்திருக்காமல் மேசையிலேயே பத்து நிமிடத்தில் பார்க்கக்கூடியவை உண்டு. மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் கைவிட்டு நெல் எடுங்கள். மேலே மட்டும் எடுத்தால் நல்ல நெல்தான் வரும். ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தால் கடுக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் ஈரம் இருக்கிறது. உமியில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால் அந்துப்பூச்சி இறங்கிவிட்டது.

அடுத்து 100 நெல்லை எண்ணி, உள்ளங்கையில் தேய்த்தோ மரக்கட்டையால் உருட்டியோ உமியை நீக்கி அரிசி நிறம் பாருங்கள். மாப்பிள்ளைச் சம்பா சிவப்பரிசி. அதில் நான்கைந்து வெள்ளை அரிசி கிடந்தால் கலப்பு உறுதி. முற்றாத அரிசி பச்சையாக, வெளிறித் தெரியும்; அதைக் கலப்பு என்று தள்ளிவிடாதீர்கள். தூயமல்லிக்கு இதே சோதனை தலைகீழ்: வெள்ளைக்குள் சிவப்பு வரக்கூடாது.

சீரகச் சம்பாவில் வெள்ளை ரகம் கலந்திருந்தால் நிறம் காட்டிக்கொடுக்காது. அங்கே மணியின் நீளத்தையும் பருமனையும் பார்த்தே பிரிக்கவேண்டும்.

கடைமடை:
இதுதான் வழி. முளைப்புச் சோதனையை வாங்கிப்போகிறவர் வீட்டில் செய்யட்டும். திருவிழா மே, ஜூனில் நடந்தால் சம்பா நாற்றங்காலுக்கு ஆகஸ்ட் வரை நேரம் இருக்கிறது. நனைத்துப் பிழிந்த சாக்குத் துண்டில் 100 நெல்லை விரல் இடைவெளியில் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்து, தினம் தண்ணீர் தெளித்தால் போதும். ஐந்தாம் நாள் ஒருமுறை, பதினான்காம் நாள் ஒருமுறை எண்ணுங்கள். வேரும் தளிரும் இரண்டும் வந்ததை மட்டும் கணக்கில் எடுங்கள்.

விதைக்கோட்டை:
வீட்டில் சோதித்து 40தான் முளைத்தது என்றால் ஜூலையில் அவர் யாரிடம் போவார்? அந்த ரகம் வேறு யாரிடம் இருக்கிறது என்ற பதிவேடு இருந்தால்தான் உங்கள் வழி செல்லும். பெரும்பாலான இடங்களில் பெயரும் ஊரும் ஒரு நோட்டில் எழுதுவார்கள்; அடுத்த ஆண்டு அந்த நோட்டு கிடைக்காது.

முளைப்புக் குறைவுக்கு விதை அளவைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள். 80 முளைக்கும் இடத்தில் 2 கிலோ என்றால் 60 முளைக்கும் விதைக்கு 2 கிலோ 700 கிராம். கணக்கு சரிதான். ஆனால் முளைப்பு அவ்வளவு இறங்கிய விதையில் முளைத்ததும் வீரியம் குறைந்தே வரும், நாற்று சோனியாக நிற்கும்.

கலப்புக்கும் மேசைச் சோதனை பாதி மருந்துதான். அது கலந்ததைக் காட்டும், கலக்காமல் காக்காது. அதனால் என் நிபந்தனையை இப்படி மாற்றிக்கொள்கிறேன்: திருப்பித் தரும் 4 கிலோ தனி விதைப்பாத்தியில் விளைந்ததாக இருக்க வேண்டும். இதற்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டாம், இரண்டு சென்ட் போதும். ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டர். 25 செ.மீ. இடைவெளியில் ஒற்றை நாற்று நட்டால் சுமார் 640 குத்து, இரண்டு சென்டில் 1,280. குத்துக்கு ஒரு நல்ல கதிர் மட்டும் எடுங்கள். ஒரு கதிரில் திரண்ட மணி 120, ஆயிரம் மணி எடை 25 கிராம் என்றால் ஒரு கதிருக்கு 3 கிராம். மொத்தம் 3 கிலோ 800 கிராம். கொடுக்க வேண்டியது ஏறக்குறைய வந்துவிட்டது.

அந்தப் பாத்தியை நடவுக்கு முன் நனைத்துவிட்டு 10, 15 நாள் விடுங்கள். உதிர்ந்து கிடந்த பழைய நெல் முளைத்து வரும். அதை மடக்கி உழுதபிறகு நடுங்கள். விதைநெல்லை உப்புநீரில் போட்டு எடுக்க வேண்டும். 10 லிட்டர் தண்ணீரில் சுமார் ஒன்றரை கிலோ உப்பு. முட்டையைப் போட்டால் அதன் தலை 25 காசு அளவு வெளியே தெரிகிற பதம். மணி நுனியில் மீசை உள்ள ரகங்களில் காற்று சிக்கி நல்ல நெல்லும் மிதக்கும், அதனால் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகும் மிதப்பதை அள்ளித் தள்ளுங்கள். அடியில் தங்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசாவிட்டால் உப்பே முளைப்பைக் கெடுக்கும். அறுவடை அரிவாளால்தான், கதிரடிப்பது தார்ப்பாயில்தான். இயந்திரம் அந்தப் பாத்திக்குள் இறங்கக்கூடாது.

நாற்றங்கால்:
கலவன் எடுப்பதில், அதாவது ரகத்துக்குப் பொருந்தாத செடியைப் பிடுங்குவதில், ஒரு எச்சரிக்கை. கல்லூரி வெளியிட்ட ரகம் போல ஒரே உயரம், ஒரே நாளில் பூப்பு என்று பாரம்பரிய ரகத்தில் எதிர்பார்க்கக்கூடாது. ஒரே குழியடிச்சான் ரகத்துக்குள் நான்கு விரல் உயர வேறுபாடு, ஒரு வாரம் பூப்பு வேறுபாடு இருக்கும். கடற்கரையோர உப்பு நிலத்தில் அது பிழைப்பதற்கு அந்த வேறுபாடும் ஒரு காரணம். ஒரு வறட்சியில் முன்னால் பூத்தது தப்பும், இன்னொரு மழையில் பின்னால் பூத்தது தப்பும். அழகாக நிற்கும் பத்துக் குத்தில் மட்டும் விதை எடுத்தால் மூன்று நான்கு ஆண்டில் பெயர் மட்டும்தான் பழைய ரகம்.

ஆகவே அண்ணன் சொன்ன குத்துக்கு ஒரு கதிர் முறையை நான் வழிமொழிகிறேன். அதில் ஆயிரத்துக்கு மேற்பட்ட செடிகள் பங்கு பெறுகின்றன. ஆனால் கலவன் என்று பிடுங்குவது அரிசி நிறம், உமி நிறம், மீசை, அடித்தண்டு நிறம் இவை மாறியதை மட்டும். உயரத்துக்காகப் பிடுங்காதீர்கள். தூர் கட்டும்போது ஒருமுறை, பூக்கும்போது ஒருமுறை, கதிர் பழுக்கும்போது ஒருமுறை பாத்தியைச் சுற்றி வந்தால் போதும்.

விதைக்கோட்டை:
உயரம் பற்றி ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஓரிரு குத்து மட்டும் முழங்கால் அளவு குட்டையாக நின்றால் அது ரகத்தின் இயல்பு அல்ல, உள்ளே நுழைந்த குட்டை ரகம். அதைப் பிடுங்கித்தான் ஆகவேண்டும்.

நாற்றங்கால்:
முழங்கால் அளவு என்றால் பிடுங்குங்கள். நான் சொன்னது நான்கு விரல்.

கடைமடை:
ரகம் கலப்பதைவிட அதிக நட்டம் தருவது பட்டம், அதாவது பருவம், மாறி விதைப்பது. அதைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. பூங்கார், அறுபதாம் குறுவை குறுகிய வயது, குறுவைக்குச் சரி. காட்டுயானம் 180 நாள் வரை போகும். இப்படிப்பட்ட நீண்ட வயது ரகங்களில் பல, பகல் குறுகினால்தான் பூக்கும். ஜூனில் விதைத்தாலும் சீக்கிரம் பூக்காது. தழையாக வளர்ந்து, ஆளுயரம் நின்று, வடகிழக்குப் பருவமழையில் சாய்ந்துவிடும். யூரியா போட்டிருந்தால் இன்னும் வேகமாகச் சாயும். சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். தை மாதம் விதைத்தால் பகல் நீண்டுகொண்டே போகும், கதிரே வராது. பழி விதையின் மேல் விழுகிறது, அந்த ஊரில் அந்த ரகத்தை அப்புறம் யாரும் தொடுவதில்லை.

பையின் மேல் ரகப் பெயரோடு வயது, விதைக்கும் மாதம், விளைந்த ஊர், அறுத்த மாதம், மேட்டு நிலமா பள்ளமா உப்பு நிலமா என்பதை எழுதாமல் கொடுப்பதைத்தான் நான் தடுப்பேன். உங்கள் 80 விழுக்காட்டைவிட இந்த ஐந்து வரி அதிகம் காக்கும்.

களத்துமேடு:
அறுத்த மாதம் வேறொன்றுக்கும் உதவும். பல பாரம்பரிய ரகங்களுக்கு விதை உறக்கம் உண்டு. அறுத்த கையோடு சோதித்தால் முளைக்காது, செத்த விதை என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். நன்றாகக் காயவைத்து ஒன்றிரண்டு மாதம் கழித்துச் சோதியுங்கள். தையில் அறுத்தது மே மாதத்துக்குள் உறக்கம் தெளிந்திருக்கும்.

கொண்டுபோவது துணிப்பையில். மே வெயிலில் பாலித்தீன் பைக்குள் நெல் வேர்த்துவிடும். வீட்டில் வைக்கும்போது கிலோவுக்கு 10 கிராம் வசம்புத்தூள், மேலே காய்ந்த நொச்சி இலை. வைக்கோலில் கோட்டை கட்டத் தெரிந்த பெரியவர்கள் ஊரில் இருந்தால் திருவிழாவில் அவர்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பேச்சாளர் ஒருவரைக் குறைத்துக்கொள்ளலாம்.

விதைக்கோட்டை:
ஐந்து வரி அட்டைக்கு முழுச் சம்மதம். மேசையில் அரிசி நிறச் சோதனைக்கும் சம்மதம். 100ல் இரண்டுக்கு மேல் மாறினால் அது சோற்றுக்குப் போகட்டும், விதைக்கு வேண்டாம். முளைப்புச் சோதனையை வாங்குகிறவர் செய்யட்டும் என்றால் திருவிழாக் குழு ஒவ்வொரு பையிலிருந்தும் கால் கிலோ எடுத்து இருப்பு வைக்க வேண்டும். யாருடையது முளைக்கவில்லையோ அவருக்கு ஜூலையில் அந்த இருப்பிலிருந்து கொடுக்க வேண்டும். கால் கிலோ இருந்தால் ஒற்றை நாற்று நடவில் ஐந்து சென்டுக்கு மேல் நடலாம், விதைப்பாத்திக்குத் தாராளம்.

கடைமடை:
இருப்பு ஒரே இடத்தில் வேண்டாம், குறைந்தது மூன்று வீடு. ஒன்று ஆற்றுப் பாசனப் பகுதியில், ஒன்று மேட்டில், ஒன்று மாவட்டத்துக்கு வெளியே. பதிவேட்டை மூன்று வீட்டிலும் ஒரு நகல் வைத்தால் நோட்டு தொலைகிற பேச்சும் இல்லை. இரண்டுக்கு மேல் மாறினால் சோற்றுக்கு என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. ஊரெங்கும் கிடைக்கிற ரகத்துக்கு அப்படிச் செய்யுங்கள். ஒரே ஒருவர் கையில் மிஞ்சியிருக்கும் ரகம் 100ல் பத்து மாறியிருந்தாலும் வாங்கி வைத்து, இரண்டு சென்டில் நட்டு, கலவன் எடுத்து மீட்க வேண்டும். அந்த வேலையை ஏற்க இரண்டு பேர் முன்வராத திருவிழா அந்த ரகத்தை மேசையில் வைக்கவே வேண்டாம்.