பொருளாதார மந்தம் வந்தால் புறநகர்க்காரர் வீட்டை மாற்றுவாரா, ஓட்டை மாற்றுவாரா?

சாண்ட்லர்வாசி:
வேலை ஆட்டம் காண்கிறது. அரிசோனா வீட்டை விற்றுவிட்டு வேறு மாநிலம் போகலாமா என்று தினமும் வீட்டில் இதே பேச்சு. 2008 மந்தத்தில் அமெரிக்கப் புறநகர்களில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்? அது உங்கள் ஓட்டை மாற்றியதா?

பாலைவனத்தான்:
நெவாடா மாநிலத்தில், லாஸ் வேகஸ் பக்கத்து ஹெண்டர்சனில் 2006ல் வீடு வாங்கினேன், விலை உச்சியில் இருந்தபோது (என் ராசி அப்படி). நான்கே வருடத்தில் கடன் பாக்கி வீட்டு விலையைப் போல இரண்டு மடங்கு. டெக்சாஸில் வேலை கிடைத்தும் போக முடியவில்லை. விற்றால் மிச்சக் கடனைக் கையிலிருந்து கட்ட வேண்டும். தெருவில் ஐந்து வீடுகளை வங்கி எடுத்துக்கொண்டது. ஆளில்லாத நீச்சல் குளங்களில் பாசி, கொசு. 2004ல் குடியரசுக் கட்சியின் புஷ்ஷுக்குப் போட்ட நான் 2008ல் ஜனநாயகக் கட்சியின் ஒபாமாவுக்குப் போட்டேன். நெவாடாவே அப்படித்தான் திரும்பியது. 2010ல் அங்கே வேலையின்மை 13 சதவீதத்தைத் தாண்டியதும் அவர் மேலும் கோபம் வந்தது, அது வேறு கதை.

வேணி:
ஒரு விஷயம். அதிபர் தேர்தலுக்கு முந்தைய 30 நாளுக்குள் மாநிலம் மாறி, புது இடத்தில் வாக்காளர் பதிவுக் கெடு முடிந்திருந்தால், அதிபருக்கான ஓட்டைப் பழைய மாநிலத்திலேயே போடலாம். பலருக்குத் தெரியாது.

சாண்ட்லர்வாசி:
நன்றி. பாலைவனத்தான், எங்கள் சிக்கல் உங்களுடையதற்கு நேர் எதிர். விலை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கடன் 3 சதவீத வட்டியில். புதுக் கடன் எடுத்தால் வட்டி கூடும், அதனால் இதைக் கைவிட மனசு வரவில்லை.

பாலைவனத்தான்:
அப்படியானால் வாடகைக்கு விட்டுவிட்டுப் போங்கள். எனக்கு அப்போது வாடகை தவணையில் பாதிக்குக்கூடக் காணாது.