கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள் டீ கொட்டிவிட்டது – இன்றே ஆன் செய்யலாமா?

கேள்வி:
சர்க்கரை போட்ட பால் டீ, அரை டம்ளர் இருக்கும், கேபினெட்டின் மேல் வலை வழியாக உள்ளே இறங்கிவிட்டது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. உடனே சுவர் ஸ்விட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். ஒரு மணி நேரம் ஆகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் கிராபிக்ஸ் கார்டு மேலும் ரேம் ஓரத்திலும் ஈரம் தெரிகிறது. எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) அடியில் இருக்கிறது. ஹேர் டிரையரால் காயவைத்து இரவே ஆன் செய்யலாமா? அரிசிக்குள் வைக்கச் சொல்கிறார்கள்.

பதில் 1:
ஆன் பண்ணாதீங்க சார். பிளக்கைப் பிடுங்கினதுதான் சரி. ஷட்டவுன் மட்டும் பண்ணியிருந்தா மதர்போர்டுல 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் ஓடிக்கிட்டேதான் இருந்திருக்கும்.

கேபினெட்டைப் படுக்க வைக்காதீங்க, டீ போர்டு முழுக்கப் பரவிடும். நின்ன நிலையிலேயே பக்கத் தகட்டைக் கழட்டி, முதல்ல போர்டுல காசு மாதிரி வட்டமா இருக்கிற சிஆர்2032 பேட்டரியை எடுங்க. 3 வோல்ட்தானேன்னு விட்டுடாதீங்க. ஈரத்துல அந்த மின்சாரமே செம்பை அரிச்சுப் பச்சை பூக்க வச்சிடும். எடுத்தா பயாஸ் (போர்டோட அடிப்படை மென்பொருள்) செட்டிங், தேதி எல்லாம் பழைய நிலைக்குப் போகும். விண்டோஸ்ல டிஸ்க்கைப் பூட்டுற பிட்லாக்கர் போட்டிருந்தா ரெகவரி கீ கேட்கலாம், தேடி வச்சுக்குங்க.

அடுத்து கிராபிக்ஸ் கார்டு. அது மேல தேங்கினதுதான் ஸ்லாட்டுக்குள்ள சொட்டும். பிறகு ரேம், எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க்.

அரிசி வேண்டவே வேண்டாம். மாவுத்தூள்தான் ஸ்லாட்டுக்குள்ள போகும். ஹேர் டிரையர் ஈரத்தைச் சிப்புக்கு அடியில தள்ளும், சூட்டுல சர்க்கரையும் பால் ஆடையும் ஒட்டிக் காஞ்சிடும்.

பதில் 2:
வெறும் தண்ணீர் சிந்தியிருந்தால் காயவைத்தாலே பெரும்பாலும் போதும். இது பால் டீ, கழுவியே ஆக வேண்டும். காய்ந்த சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இன்று ஓடினாலும் சில மாதம் கழித்துத் தகராறு செய்யும்.

பலர் நேராக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை எடுத்துவிடுகிறார்கள். சர்க்கரை அதில் கரையாது. முதலில் டிஸ்டில்ட் வாட்டர், பிறகுதான் ஆல்கஹால். குழாய்த் தண்ணீரில் உப்பு இருக்கிறது, வேண்டாம். பேட்டரிக் கடையில் வாங்கினால் ஆசிட் இல்லை, டிஸ்டில்ட் வாட்டர்தான் என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள். 1 லிட்டர் தண்ணீரும் 99 சதவீத ஆல்கஹால் 500 மில்லியும் போதும். சர்ஜிக்கல் ஸ்பிரிட் சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும், தவிர்த்துவிடுங்கள்.

மென்மையான பிரஷைத் தண்ணீரில் நனைத்துக் கறை உள்ள இடங்களைத் தேய்த்து ஒற்றி எடுங்கள். ரேம் ஸ்லாட்டுக்குள் 10 மில்லி சிரிஞ்சால் தண்ணீரையும், அடுத்து ஆல்கஹாலையும் விடுங்கள். பிராசசர் சாக்கெட்டின் பின்களில் மட்டும் பிரஷ் படவே கூடாது. பிராசசர் மேல் உள்ள கூலரைக் கழற்றினால், சூட்டைக் கடத்த இடையில் தடவும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாக வைக்க வேண்டும். ஆல்கஹால் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்பு, விளக்கு எரியக் கூடாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. எஸ்எம்பிஎஸ் மேலும் இரண்டு மூன்று சொட்டு இருக்கிறது. திறந்து துடைக்கலாமா?

பதில் 3:
தயவுசெய்து திறக்காதீர்கள். 230 வோல்ட்டை டிசி ஆக்கும்போது உள்ளே 325 வோல்ட் வரும்; ஆக்டிவ் பிஎஃப்சி (பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் சர்க்யூட்) உள்ளதில் 400 வரைகூடப் போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கலாம்.

ஃபேன் தரையைப் பார்த்து, மேல்தகடு மூடியிருந்தால் வெளியே துடைத்தால் போதும். ஃபேன் மேலே பார்த்தபடி இருந்து சொட்டு உள்ளே போயிருந்தால் புதிதாக மாற்றிவிடுங்கள். மாடுலர் (கேபிள்களைத் தனியே கழற்றக்கூடிய) வகை என்றால் பழைய கேபிளைப் புதியதில் செருகாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல், கனெக்டர் பின்களின் வரிசை மாறும். டீயிலிருந்து தப்பிய ஹார்ட் டிஸ்க் அங்கே எரிந்து போகலாம்.

எல்லாவற்றையும் டேபிள் ஃபேன் காற்றில் 48 மணி நேரம் வையுங்கள். பிறகு பேட்டரி, ஒரே ஒரு ரேம், போர்டிலேயே டிஸ்ப்ளே இருந்தால் அது. இவ்வளவோடு மட்டும் ஆன் செய்யுங்கள். டேட்டா உள்ள டிஸ்க்கைக் கடைசியாகத்தான் மாட்ட வேண்டும். ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றால் எங்கோ ஷார்ட் இருக்கலாம். திரும்பத் திரும்ப பட்டனை அழுத்தாமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்லாட்டுகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள்.