பொட்டியில கசகசா வேண்டாமுங்க பெரியம்மா

குரூப்: தோட்டத்து வீட்டுச் சொந்தம்

பிரபு திருப்பூர்: டிக்கெட் போட்டாச்சு. கோயமுத்தூர்ல நைட் ஏறுனா விடிகாலைல சிங்கப்பூர். அப்பா, அம்மா, அப்பாவோட மஞ்ச மண்டி சிநேகிதங்க ரெண்டு பேரு, அவங்க வீட்டம்மா ரெண்டு பேரு. மொத்தம் ஆறு. நாலு நாளு. சுகந்தி, பாத்துக்க கண்ணு.

கவிதா ஈரோடு: அட! பெரியம்மா பிளைட்டா!!

செந்தில் மாமா: பெருந்துறை தாண்டமாட்டேன்னு சொன்ன அக்காவா

சுகந்தி சிங்கப்பூர்: எல்லாரும் வாங்க. பிரபுண்ணா, மொதல்ல ஆறு பாஸ்போர்ட்டும் எடுத்துப் பாருங்க. வர்ற தேதியில இருந்து ஆறு மாசமாச்சும் செல்லுபடி இருக்கோணும். டிக்கெட்டுல பேரு பாஸ்போர்ட்டுல இருக்கறாப்பலயே எழுத்துக்கு எழுத்து இருக்கோணும். நம்மூர்ல பாதிப்பேருக்கு இனிஷியல்தான், ஏஜென்ட் அப்பா பேர முன்னப்பின்ன போட்டுருவாங்க, அத இப்பவே சரிபாருங்க. விசா அங்கீகாரம் உள்ள ஏஜென்ட் வழியா மட்டும். அப்பறம் எஸ்ஜி அரைவல் கார்டு. இது விசா இல்ல, தனி. எறங்குற நாளையும் சேத்தி மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல போடோணும். காசு கெடையாது. கூகுள்ல தேடுனா காசு கேக்கற வெப்சைட் மேல வந்து நிக்கும், அதுல போடாதீங்க. குடிவரவுத் துறை வெப்சைட்லதான் போடோணும்.

பிரபு திருப்பூர்: சரி

பெரியப்பா கோபி: (வாய்ஸ் மெசேஜ் 1:12)

கவிதா ஈரோடு: பெரியப்பா காத்தாடி சத்தம்தான் கேக்குது

பெரியம்மா கோபி: எல்லாரும் உங்க ஊட்லயே ஒட்டுக்கா தங்கிக்கலாம்ங்கறாரு கண்ணு. நாங்க பாய் இருந்தா போதும்

சுகந்தி சிங்கப்பூர்: பெரியப்பா பெரியம்மா எங்க ஊட்லதான். அதுல பேச்சே இல்ல. ஆனா ரெண்டு பெட்ரூம், ஒரு பாத்ரூம். மத்த நாலு பேருக்கும் லிட்டில் இந்தியாவுல ஓட்டல் பாக்கறேன்.

பெரியப்பா கோபி: கூட்டாளிகள லாட்ஜுல உட்டுட்டு நான் ஊட்ல படுக்கறதா

சித்தி அவினாசி: என் புள்ள ஊடு பால் காச்சறப்ப ஒருத்தரும் போகல

சித்தி அவினாசி: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

செந்தில் மாமா: படிச்சாச்சுங்க

பிரபு திருப்பூர்: ஒரு ஏஜென்ட் ஃபிளாட்ல ரூம் தெனவாடகைக்கு சொல்றாரு. ஓட்டல்ல பாதி காசுதான்

சுகந்தி சிங்கப்பூர்: வேண்டாமுங்ண்ணா. இங்க வீடுகள அப்பிடி நாள்கணக்குல வாடகைக்கு விடறது சட்டப்படி குத்தம். அரசாங்க அடுக்குமாடின்னா குறைஞ்சது ஆறு மாசம், தனியார்னா மூணு மாசம். பக்கத்து வீட்டுல ஒரு புகார் குடுத்தா போதும். லிட்டில் இந்தியா ஏன் சொல்றேன்னா, அந்த ஸ்டேஷன்ல ரெண்டு ரயில் தடம் சேருது. நீலத் தடத்துல ஏறுனா நாலாவது ஸ்டாப் பேஃப்ரன்ட், கார்டன்ஸ் பை தி பேங்கற பெரிய தோட்டம். ஊதாவுல ஏறுனா மூணாவது ஸ்டாப் சைனாடவுன், அஞ்சாவது செந்தோசா தீவுக்குப் போற ஹார்பர்ஃப்ரன்ட். எங்கயும் மாறி ஏற வேண்டியதில்ல. காலைல இட்லிக்கும் அலைய வேண்டாம்.

கவிதா ஈரோடு: ஏர்போர்ட்ல இருந்து?

சுகந்தி சிங்கப்பூர்: சாதா டாக்சியில நாலு பேருதான், அஞ்சாவது ஆளு ஏத்தமாட்டாங்க. ஆறு பேரு, பொட்டியோட, பெரிய வண்டி இல்லாட்டி ரெண்டு வண்டி. ரயில்னா ஒரே ஸ்டாப்ல எக்ஸ்போ, அங்க மாறுனா நீலத்துல நேரா லிட்டில் இந்தியா. தூங்காத உடம்போட பெரியவங்க, அதனால வண்டிதான் என் ரோசனை.

பெரியம்மா கோபி: கண்ணு குழம்பு மசாலா அரைச்சு எடுத்தாரேன். கசகசா போட்டு. உப்புக்கண்டமும் ஒரு கிலோ காஞ்சுட்டு இருக்குது

சுகந்தி சிங்கப்பூர்: பெரியம்மா ரெண்டும் வேண்டாமுங்க!! கசகசா அபின் செடியோட வெத. அதுல மார்ஃபின் ஒட்டியிருக்கலாம்னு இங்க போதைப்பொருள் கட்டுப்பாட்டுல வருது. முழுசா கொண்டு வந்தாலும் சரி, பொடியில அரைச்சிருந்தாலும் சரி, வேண்டாம். கசகசா இல்லாம மல்லி, மொளகா, சீரகம், பட்டை மட்டும் வறுத்து அரைங்க. கொழகொழப்புக்கு இங்க வந்து தேங்காயோட பொட்டுக்கடலை சேத்தி அரைச்சுக்கலாம். கறி எந்த ரூபத்துலயும் இந்தியாவுல இருந்து கொண்டு வரக்கூடாது, காஞ்சதும் கறிதான். சூயிங்கம் வேண்டாம். பெரியப்பா, பொகையெல பொட்டலம் மேல்சட்டை பையில கூட இருக்கக்கூடாது. மெல்லற பொகையெல இங்க தடை. சிகரெட்டுக்கு ஒரு குச்சி கூட வரியில்லாம கெடையாது, ஈ-சிகரெட் கொண்டு வரவே கூடாது. கூட வர்றவங்ககிட்டயும் தயவுசெஞ்சு சொல்லிருங்க. ஒருத்தர் பொட்டியில இருந்தா எல்லாரும் நிக்கோணும்.

செந்தில் மாமா: மச்சானுக்கு நாலு நாளு நோம்பு

பெரியப்பா கோபி: வெத்தல?

சுகந்தி சிங்கப்பூர்: வெத்தல இங்க சிராங்கூன் ரோட்டுலயே விக்கறாங்க பெரியப்பா. தடத்துல துப்பறதுக்குத்தான் அபராதம்.

பெரியம்மா கோபி: உப்புக்கண்டத்த என்ன பண்றது

செந்தில் மாமா: நான் இருக்கறேனுங்க்கா

கவிதா ஈரோடு: பிரபுண்ணா அந்த வாரம் குலதெய்வம் கோயில் பொங்கல் இல்ல?

பிரபு திருப்பூர்: அது அடுத்த வாரம்னு பூசாரி சொன்னாரு

சித்தி அவினாசி: எங்ககிட்ட இந்த வாரம்னுதான் சொன்னாரு. கெடாய்க்கு முன்பணம் குடுத்தாச்சு

செந்தில் மாமா: கெணத்து மோட்டாரு காயில் போனதுக்குப் பிரிக்கற காசு பத்தியும் இப்பவே பேசிரலாங்களா

பிரபு திருப்பூர்: மாமா அத தனியா பேசலாம்

சுகந்தி சிங்கப்பூர்: தேதி மாறுனா விசாவுக்கு முன்னாடி சொல்லீருங்கண்ணா. இப்ப சுத்தறதச் சொல்றேன். மொத நாளு விடிகாலைல எறங்குறீங்க, ஓட்டல்ல ரூம் மத்தியானம்தான் தருவாங்க. பொட்டிய அங்க வெச்சுட்டு டிபன், அப்பறம் வீரமாகாளியம்மன் கோயில். இங்க கோயிலெல்லாம் பெரும்பாலும் 12 மணிக்கு நடை சாத்துனா பொழுதோடதான் தொறப்பாங்க, அதனால கோயில் எப்பவும் காலைல. மத்தியானம் படுத்துத் தூங்கோணும். 6:30க்குக் கெளம்புனா பேஃப்ரன்ட்ல எறங்கி சுரங்கத்தடத்துலயே தோட்டத்துக்குப் போயிரலாம். 7:45க்கு அங்க இருக்கற பெரிய இரும்பு மரங்கள்ல பாட்டோட வெளக்கு போடுவாங்க, இலவசம். அரை மணி முன்னாடி போனா மரத்தடியில உக்காந்து அண்ணாந்து பாக்கலாம். உட்டுட்டா 8:45க்கு இன்னொருக்கா உண்டு. கண்ணாடிக் கூடாரத்துக்குத்தான் டிக்கெட், அது மாசத்துல ஒரு நாளு பராமரிப்புக்கு மூடுவாங்க, வாங்கறதுக்கு முன்னாடி பாத்துக்கோணும்.

பிரபு திருப்பூர்: ஏர்போர்ட் அருவி?

சுகந்தி சிங்கப்பூர்: அது எறங்குன ஒடனே பாத்தா ஏமாத்தம்தான். காலைல 10, 11 மணிக்கு மேலதான் தண்ணி உடுவாங்க. திரும்பற அன்னிக்கு ரெண்டு மணி நேரம் எச்சா வெச்சுட்டு வந்து பாருங்க, 40 மீட்டர் ஒசரத்துல இருந்து கட்டடத்துக்குள்ளயே கொட்டும். ரெண்டாம் நாளு சைனாடவுன் மாரியம்மன் கோயில், 1827ல இருந்து இருக்குது, இங்க இருக்கறதுலயே பழைய கோயில். மூணாம் நாளு செந்தோசா. மோனோ ரயிலுக்குப் போறப்ப 4 டாலர், திரும்ப காசில்ல. நடந்து போனா அதுவும் மிச்சம், ஆனா வெயில்ல வேண்டாம். நாலாவது நாளு கடைக்கு. ஞாயித்துக்கெழமை பொழுதோட மட்டும் முஸ்தபா கடை வேண்டாம், வேலைக்கு வந்த தம்பிங்க எல்லாம் அன்னிக்குத்தான் லீவு, நிக்க எடமிருக்காது.

கவிதா ஈரோடு: பெரியம்மா முழங்கால்?

சுகந்தி சிங்கப்பூர்: அதான் ஒரு நாளைக்கு ரெண்டு எடத்துக்கு மேல போடல. எஸ்கலேட்டரு நம்மூரு மால்ல இருக்கறத விட வெசையா ஓடும். சேலைல ஏறவே வேண்டாம், எல்லா ஸ்டேஷன்லயும் லிஃப்ட் இருக்குது. செருப்பு புதுசு வாங்காதீங்க, பழகுனத போட்டுட்டு வாங்க. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஆளுக்கொரு கார்டு வேணும், ஒரு கார்டுல ஆறு பேரு போக முடியாது. பேங்க் கார்டுன்னா வெளிநாட்டு உபயோகத்த ஆப்ல ஆன் பண்ணிட்டு வரோணும். பஸ்ஸுல எறங்கறப்பவும் தட்டோணும், மறந்தா எச்சா புடிச்சுக்கும். ரயில்ல தண்ணி கூட குடிக்கக்கூடாது பெரியம்மா, மாத்திரைய ஏர்றதுக்கு முன்னாடியே போட்டுக்கோங்க. டாக்டர் சீட்டு மாத்திரை டப்பாவோடயே இருக்கட்டும்.

பெரியம்மா கோபி: பவுனு அங்க வாங்குனா லாபமா கண்ணு

சுகந்தி சிங்கப்பூர்: ஒரு வருசத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்துட்டுத் திரும்பறவங்களுக்குத்தான் பொம்பளைக்கு 40 கிராம், ஆம்பளைக்கு 20 கிராம் நகை வரியில்லாம. நாலு நாள் வந்துட்டுப் போறவங்களுக்கு அந்தச் சலுகை இல்லீங்க. ஊர்ல இருந்து போட்டுட்டு வர்ற கனமான நகைக்கு கோயமுத்தூர் கஸ்டம்ஸ்ல போறப்பவே சீட்டு வாங்கிருங்க. மத்த சாமான் ஒரே கடையில 100 டாலருக்கு மேல வாங்குனா 9 சதவீத வரி ஏர்போர்ட்ல திரும்ப கெடைக்கும். பில் போடறப்பவே பாஸ்போர்ட் காட்டோணும். பொட்டிய உள்ள போடறதுக்கு முன்னாடி மிஷின்ல பதியோணும், பொருள காட்டச் சொல்லுவாங்க.

பெரியம்மா கோபி: அப்ப தைலமும் டார்ச்சும் போதும்

பெரியப்பா கோபி: (வாய்ஸ் மெசேஜ் 0:38)

பிரபு திருப்பூர்: அப்பாவும் கூட்டாளிகளோட ஓட்டல்லயே தங்கிக்கறாராம். அம்மா சுகந்தி ஊட்ல

பெரியம்மா கோபி: நான் எப்ப சொன்னேன்

சித்தி அவினாசி: அக்கா எங்க தங்கோணும்னு அக்காதான் சொல்லோணும்

சுகந்தி சிங்கப்பூர்: எப்பிடின்னாலும் சரி, ரூம் ரெண்டா மூணான்னு நாளைக்குள்ள சொல்லுங்க. பூசாரிகிட்ட தேதியும் கேட்டுருங்க பிரபுண்ணா.

பிரபு திருப்பூர்: பூசாரி போன் எடுக்கல. காலைல நேர்ல போறேன்